டைனா வொஷிங்டனும் வெளிவராத ஒரு திருத்தமும்

சில இசைத்தட்டுகள் நம்மிடம் வந்து சேர்வதற்கு ஒரு பிழை காரணமாகிவிடுகிறது. என் வீட்டு அலுமாரியில் புத்தகங்களுக்கு நடுவே நிற்கும் டைனா வொஷிங்டனின் 'பேக் டு த ப்ளூஸ்' என்ற எல்பி தட்டு அப்படித்தான் என்னிடம் வந்தது. ரூலெட் நிறுவனம் 1963இல் வெளியிட்டது. உறையின் ஓரங்கள் நைந்துவிட்டன. முதற் பக்கத்தின் நடுவில் ஒரு கீறல் இருக்கிறது. அந்த இடம் வரும்போது ஊசி ஒரு கணம் தயங்கிப் பின் தாண்டிச் செல்லும். இப்போது அதே பாடல்களை இணையத்தில் ஒரு கீறலும் இல்லாமல் கேட்கலாம். ஆனாலும் எனக்கு அந்தத் தயக்கம் இல்லாத பாடல் முழுமையானதாகத் தோன்றுவதில்லை.

1997 செப்டெம்பரில் நான் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். வார நாட்களில் செய்திப் பிரிவு, வெள்ளியும் சனியும் ஞாயிறு இதழின் கலைப்பக்கம். போர்க்காலப் பத்திரிகையில் கலைப்பக்கம் என்பது விளம்பரம் வந்தால் மறைந்துபோகும் பக்கம். அந்த வாரம் விளம்பரம் வரவில்லை. ப்ளூஸ் பாடகி பெஸி ஸ்மித் இறந்து அறுபது ஆண்டு நிறைகிறது என்பதை ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் கண்டேன். ஒரே இரவில் அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்த காலத்திலே கறுப்பின இலக்கியத்தை மொழிபெயர்ப்பில் வாசித்துப் பழகிய தலைமுறை எங்களுடையது. அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

கட்டுரையின் உச்சம் பெஸியின் மரணம். 1937 செப்டெம்பர் 26ஆம் திகதி அதிகாலை, மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் நகருக்கு அண்மையில், 61ஆம் இலக்க நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் ஒரு லொறியுடன் மோதியது. கை ஏறத்தாழத் துண்டாகிய நிலையில் அவரை வெள்ளையர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். கறுப்பர் என்பதனால் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரத்தம் சிந்திச் சிந்தி வழியிலேயே இறந்தார். இப்படி எழுதினேன். கடைசிப் பந்தியில் ப்ளூஸ் என்பது 'கறுப்பு மக்களின் ஒப்பாரி' என்றும் முடித்திருந்தேன். காரியாலயத்தில் பலர் பாராட்டினார்கள். ஒப்புநோக்கிய நண்பர் கண் கலங்கியதாகச் சொன்னார்.

மறு கிழமை ஒரு தபாலட்டை வந்தது. வெள்ளவத்தை முகவரி. சிவப்பு மையில், நேர்கோடு போட்டதுபோன்ற எழுத்து. 'கட்டுரையாளருக்கு. தமிழ் நன்று. செய்தி பிழை. பெஸி ஸ்மித் எந்த ஆஸ்பத்திரியிலும் திருப்பி அனுப்பப்படவில்லை. விரும்பினால் நேரில் வரவும்.' அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது. பத்திரிகைக்காரனுக்குப் பிழை சுட்டப்படுகையில் முதலில் வருவது அதுதான். அந்தக் கோபத்துடனேயே ஒரு மாலை வெள்ளவத்தைக்குப் போனேன்.

அவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். பெயரைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. மாஸ்டர் என்றே குறிப்பிடுகிறேன். மாடியில் இரண்டு அறைகள், ஒன்று முழுவதும் இசைத்தட்டுகள். கொழும்பில் மேலைத்தேய இசை வானொலியிலும் ஹோட்டல் மண்டபங்களிலும் பெருகி ஓடிய காலத்தில் சம்பளத்தில் பாதியைத் தட்டுகளுக்குக் கொடுத்தவர். என்னை உட்கார வைத்துத் தேநீர் தந்தார். கட்டுரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு தட்டை எடுத்துச் சுழல விட்டார். அது டைனா வொஷிங்டனின் 'பேக் டு த ப்ளூஸ்'.

நான் அதுவரை ப்ளூஸ் என்றால் ஒற்றைக் கிற்றார், ஒரு கிழவன், ஒரு வீட்டுத் திண்ணை என்று எண்ணியிருந்தவன். தட்டில் இருந்து எழுந்தது ஒரு பெரும் வாத்தியக்குழு. ட்ரம்பெட்டுகளும் ட்ரொம்போன்களும் சேர்ந்து அடிக்கும் பித்தளை ஓசை. அதன் கீழே சாக்ஸபோன்களின் நெடிய மூச்சு. அவற்றுக்கு மேலே, சற்று மூக்கொலி கலந்த, கத்திபோன்ற ஒரு பெண் குரல். வாத்தியக்குழுவை அமைத்து நடத்தியவர் ஃபிரெட் நோர்மன்.

"இது ப்ளூஸ்தானா?" என்று கேட்டேன்.

"பின்னை என்ன எண்டு நினைச்சீர்?" என்றார்.

ப்ளூஸின் கட்டு மிக எளிமையானது. பெரும்பாலும் பன்னிரண்டு தாள அளவு கொண்ட ஒரு சுற்று. அதற்குள் மூன்று வரி. முதல் வரியில் ஒரு செய்தி. இரண்டாம் வரியில் அதே செய்தி மறுபடியும். மூன்றாம் வரியில் அதற்கு ஒரு விடை, சில வேளை ஒரு பகிடி. ஒவ்வொரு வரியும் தன் இடத்தை நிரப்பாமல் பாதியில் நின்றுவிடும். மீதியை ஒரு வாத்தியம் நிரப்பும். கிராமத்துப் பாடகனுக்கு அவனுடைய கிற்றாரே பதில் சொல்லும். பெரிய வாத்தியக்குழுவில் அந்த மீதி இடத்தில் ஏழெட்டுப் பித்தளைக் கருவிகள் ஒன்றாக எழுந்து பதில் சொல்கின்றன. பாடுபவர் ஒன்றைச் சொல்கிறார், ஊரே 'ஓமோம்' என்கிறது. அல்லது ஊரே 'அப்படியோ?' என்று கேட்கிறது. மாஸ்டர் இதைத் தன் விரல்களால் மேசையில் எண்ணி எண்ணிக் காட்டினார். அன்றிலிருந்து எனக்கு அந்த இடைவெளிகள் கேட்கத் தொடங்கின.

டைனாவின் கதையையும் அவர்தான் சொன்னார். 1924 ஒகஸ்டில் அலபாமா மாநிலத்தின் டஸ்கலூசாவில் பிறந்தவர். இயற்பெயர் ரூத் லீ ஜோன்ஸ். சிறுவயதிலேயே குடும்பம் சிக்காகோவுக்குப் பெயர்ந்தது. தேவாலயத்தில் பியானோ வாசித்தார், பாடினார். சாலி மார்ட்டினின் நற்செய்திப் பாடற்குழுவில் இருந்தார். 1943இல் லியனல் ஹம்ப்டனின் பெரும் வாத்தியக்குழுவில் பாடகியானபோது அவருக்கு வயது பதினெட்டுத்தான். டைனா வொஷிங்டன் என்ற பெயரைச் சூட்டியது தானே என்று பிற்காலத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் உரிமை கோரினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் கீநோட் நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த முதற் பாடல்களே ப்ளூஸ் பாடல்கள்தாம். 1946 முதல் 1961 வரை மேர்க்குரி நிறுவனத்தில் எல்லாவற்றையும் பாடினார். 1959இல் தந்திக் கருவிகளின் மென்மையான பின்னணியோடு அவர் பாடிய 'வொட் எ டிஃபரன்ஸ் எ டே மேக்ஸ்' பெருவெற்றி பெற்றது, கிராமி விருதும் பெற்றது. அதன் பிறகு அவர் சந்தைக்குப் பாடுகிறார் என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ரூலெட்டுக்கு மாறிய பின் வந்ததே இந்தத் தட்டு. தலைப்பிலேயே ப்ளூஸுக்குத் திரும்புகிறேன் என்று அறிவிக்கிறது.

"திரும்பிறதுக்கு அந்தப் பிள்ளை எங்கை போனது? ஹம்ப்டன்ர பாண்டுக்கு மேலாலை பாடிப் பழகின குரல். அந்தச் சத்தத்துக்கை ஒவ்வொரு எழுத்தும் கேக்கவேணும் எண்டால் எப்பிடி உச்சரிக்கவேணும்? கேட்டுப் பாரும்" என்றார் மாஸ்டர்.

கேட்டேன். ஆங்கிலப் பாடல்களில் பாதிச் சொற்கள் எனக்கு எப்போதும் நழுவிவிடும். டைனாவிடம் ஒன்றும் நழுவவில்லை. சொல்லின் கடைசி மெய்யெழுத்துக்கூட வெட்டி வைத்தாற்போல் நின்றது. குரல் அழவில்லை, நடுங்கவில்லை. வாழ்வில் நடந்ததை ஒருத்தி நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்று சாட்சி சொல்வதுபோல இருந்தது.

தட்டில் 'யூ'வ் பீன் எ குட் ஓல்ட் வாகன்' என்ற பாடல் வந்தது. மாஸ்டர் அதை நிறுத்திவிட்டு இன்னொரு தட்டை எடுத்தார். அதே பாடல், பெஸி ஸ்மித் 1925 ஜனவரியில் பாடியது. கோர்னெட் வாசித்தவர் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங். அந்தக் காலத்தில் ஒலிவாங்கி இல்லை. ஒரு தகரக் குழலின் வாயை நோக்கிப் பாடவேண்டும். குரலின் அதிர்வே மெழுகைக் கீறவேண்டும். குரலில் பலம் இல்லாதவர் பதிவாகமாட்டார். பெஸி பதிவானார். ஒரு குரல், ஒரு கோர்னெட், ஒரு பியானோ. அவ்வளவோடு அந்தச் சிறிய அறை நிறைந்துவிட்டது. உழைத்துத் தேய்ந்துபோன பழைய வண்டி என்று காதலனைப் பகிடி பண்ணி வழியனுப்பி வைக்கும் பாடல் அது. முப்பத்தேழு ஆண்டு கழித்து டைனா அதைப் பெரும் வாத்தியக்குழுவோடு பாடுகிறார். முன்னதாக 1958இல் பெஸியின் பாடல்களை மட்டும் கொண்டு அவர் வெளியிட்ட முழுத் தட்டிலும் இது இருக்கிறது. பெஸியைப்போலப் பாட அவர் முயலவில்லை. ஆனால் பகிடி எங்கே இருக்கிறது, வலி எங்கே இருக்கிறது என்பது இருவருக்கும் ஒரே இடத்தில் தெரிந்திருக்கிறது.

"ஒப்பாரி எண்டு எழுதினீர். ஒப்பாரியிலை ஆராவது இப்பிடிப் பகிடி விடுவினமோ?" என்று அப்போதுதான் முதன்முறையாக என் கட்டுரைக்கு வந்தார். "ஒப்பாரி போனவையளுக்கு. இது இருக்கிறவையளுக்கு. தனக்கு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிப்போட்டு, நாளைக்கு வேலைக்குப் போறது."

பிறகு ஒரு புத்தகத்தை எடுத்துத் தந்தார். கிறிஸ் அல்பேர்ட்ஸன் எழுதி 1972இல் வெளிவந்த பெஸியின் வாழ்க்கை வரலாறு. இரண்டு இரவுகளில் படித்தேன்.

நான் எழுதிய கதையின் ஊற்று 1937 நவம்பரில் 'டவுன் பீட்' சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர் ஜோன் ஹமண்ட். பெஸியின் கடைசி ஒலிப்பதிவை 1933இல் நடத்தியவர், கறுப்புக் கலைஞர்களுக்காக உண்மையான அக்கறையோடு உழைத்தவர். மருத்துவ உதவிக்குக் காத்திருந்து இரத்தம் சிந்தியா பெஸி இறந்தார் என்று தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டிருந்தார். அவர் கேள்விப்பட்டதை எழுதினார். கேள்விக்குறி விரைவிலேயே உதிர்ந்துவிட்டது. எட்வர்ட் ஆல்பீ அந்தக் கதையை வைத்து ஒரு நாடகம் எழுதினார், 1960இல் மேற்கு பெர்லினில் அரங்கேறியது. அதில் பெஸி மேடைக்கு வருவதே இல்லை. வெள்ளையர் ஆஸ்பத்திரியின் அனுமதி மேசையில் இருக்கும் தாதிதான் நாடகத்தின் நடு. இப்படி அறுபது ஆண்டு நடந்து அந்தக் கதை கொழும்பில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

நடந்தது வேறு. விபத்து நடந்த சற்று நேரத்தில் அவ்வழியே மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஹியூ ஸ்மித் என்ற வெள்ளைக்கார மருத்துவர் நின்று பெஸிக்கு முதலுதவி செய்தார். அவர்கள் காத்திருந்தபோது இன்னொரு கார் வந்து மருத்துவரின் காரை மோதியது, அதில் வந்த தம்பதியரும் காயமடைந்தனர். அம்புலன்ஸ் வந்தது. பெஸியை நேரே கிளார்க்ஸ்டேலில் இருந்த கறுப்பர் ஆஸ்பத்திரிக்கே கொண்டு சென்றார்கள். அங்கே கையை அகற்றினார்கள். நினைவு திரும்பாமலே அன்று காலை இறந்தார். வயது நாற்பத்து மூன்று. யாரும் யாரையும் வாசலில் திருப்பி அனுப்பவில்லை.

அல்பேர்ட்ஸனிடம் அந்த மருத்துவர் சொன்னதன் சாரம் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது. அந்தப் பகுதியில் ஒரு கறுப்பரை வெள்ளையர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைப் பற்றி எந்த அம்புலன்ஸ் சாரதியும், கறுப்பரோ வெள்ளையரோ, நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார் என்கிறார் அவர். இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் இடையே அரை மைல்கூட இல்லை. ஆனாலும் சாரதி எந்த வழியால் போவது என்று யோசிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

திருப்பி அனுப்புவதற்கு ஒரு வாசல் வேண்டும். வாசலில் ஒரு மனிதர் வேண்டும். அவர் 'இல்லை' என்று சொல்லவேண்டும். அங்கே அது எதுவும் தேவைப்படவில்லை. 'இல்லை' என்பது எல்லோருடைய மனதிலும் முன்னரே எழுதப்பட்டிருந்தது. நான் எழுதிய கதையில் ஒரு கொடியவன் இருந்தான். நடந்த கதையில் கொடியவன் ஒருவனும் இல்லை, இரண்டு ஆஸ்பத்திரிகள் மட்டுமே இருந்தன. எது பயங்கரமானது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

திருத்தம் ஒன்று எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "இங்கை நடக்கிறதுக்கே திருத்தம் போட இடமில்லை. நீர் அமெரிக்காவுக்குப் போடப்போறீரோ?" என்றார். நானும் சிரித்தேன். அந்தத் தாள் என் லாச்சியில் போய்ச் சேர்ந்தது.

இனித்தான் நான் எழுதவேண்டியது இருக்கிறது.

1998இன் தொடக்கத்தில் ஒரு நாள் மத்தியானம் காரியாலய வரவேற்பறையில் ஒருவர் எனக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போக முகவர் ஒருவரைப் பார்க்கக் கொழும்புக்கு வந்திருந்தார். சட்டைப்பையில் இருந்து பிளாத்திக்கு உறையொன்றில் மடித்த பத்திரிகைத் துணுக்கை எடுத்தார். 1996இல் வந்த செய்தி. பிரசவ வேதனையில் இருந்த இளம் தாயொருவர் இரவு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது சோதனைச்சாவடியில் தடுத்து வைக்கப்பட்டதால் உயிரிழந்தார் என்பது அதன் சாரம். பெயரிடப்படாத செய்தி. ஆனால் எழுதியது நான். யாரோ என் பெயரை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"இது என்ட பொஞ்சாதி" என்றார்.

அந்த இரவின் தொலைபேசி எனக்கு நன்றாக நினைவிருந்தது. எங்கள் பிரதேச நிருபர் இரைச்சல் நிறைந்த இணைப்பில் பேசினார். பெண்ணின் பெயர், வயது, ஊர், இரத்தப்போக்கு. பாதை காரணமாக ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லை என்றார். இணைப்பு அறுந்தது. பத்திரிகை அச்சுக்குப் போக இருபது நிமிடம் இருந்தது. 'வர முடியவில்லை' என்பதை நான் 'வர விடவில்லை' என்று எழுதினேன். விடாதவர் ஒருவர் வேண்டுமே. சோதனைச்சாவடி வந்தது. அந்தப் பாதையில் சாவடி இருந்தது உண்மை. அங்கே ஆட்கள் மறிக்கப்பட்டதும் உண்மை. வேறு இரவுகளில், வேறு நோயாளர்களுக்கு, நான் எழுதியதே நடந்துமிருந்தது. ஆகவே நான் பொய் எழுதுகிறேன் என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

அவர் மெல்லிய குரலில் சொன்னார். "அவங்க எங்கள மறிக்கல்ல தம்பி. நாங்க வெளிக்கிடவே இல்ல. பின்னேரம் ஏழு மணிக்கு நோவு கண்டது. மெசின் வச்சிருக்கிறவரிட்ட ஓடினன். இருட்டில லைட்டப் போட்டா அந்தப் பக்கமும் சுடுவான், இந்தப் பக்கமும் சுடுவான், விடியட்டும் எண்டார். அவரிலயும் பிழை சொல்லேலாது, அவருக்கும் பிள்ளையள் இருக்கு. விடியப் போவம் எண்டு இருந்தம். நாலு மணிக்கு முடிஞ்சிது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பேப்பர் வந்த பிறகு சாவடியில கூப்பிட்டாங்க. ஏன் பொய் சொன்னாய் எண்டு கேட்டாங்க. நான் சொன்னது பொய் எண்டு எழுதி, அதில கையெழுத்து வாங்கினாங்க. நான் ஒருத்தரிட்டயும் ஒண்டுமே சொல்லல்லையே தம்பி."

பிறகு துணுக்கை மேசையில் விரித்து, மனைவியின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். "இதில பேர் சரியா இருக்கு. வயசும் சரி. அவள்ர பேர் வேற ஒரு பேப்பரிலயும் வரல்ல. அதுதான் வச்சிருக்கன். மற்றதை மட்டும் திருத்தித் தருவீங்களா?"

பார்ப்போம் என்றேன். அந்தச் சொல்லுக்கு எங்கள் நாட்டில் என்ன பொருள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். துணுக்கைக் கவனமாக மடித்து உறையில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு நான் அவரைக் காணவில்லை.

திருத்தம் வெளிவரவில்லை. இம்முறை ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை, ஏனென்றால் நான் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்காததற்கு எனக்குள் நல்ல நல்ல நியாயங்கள் இருந்தன. மறிக்கவில்லை என்று எழுதினால் அது மறித்தவர்களுக்கு நற்சான்றிதழ் ஆகிவிடும். உண்மையாக மறிக்கப்பட்டவர்களின் செய்திகளையும் பிறகு பொய் என்பார்கள். போர் முடியட்டும், அப்போது எழுதலாம். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதன் பிறகும் நான் எழுதவில்லை.

அன்று மாலை நேரே வெள்ளவத்தைக்குத்தான் போனேன். மாஸ்டரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. "ஒருத்தரும் மறிக்கேல்லை. ஆனால் வெளிக்கிடேல்லை. உதைத்தான் நீர் எழுதியிருக்கவேணும். உதுதான் பெரிய செய்தி" என்று மட்டும் சொன்னார். பிறகு அதே தட்டைப் போட்டார்.

எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. கிளார்க்ஸ்டேலின் சாரதி வெள்ளையர் ஆஸ்பத்திரியின் பக்கம் திரும்பவே இல்லை. படுவான்கரையில் அந்த உழவு இயந்திரம் முடுக்கப்படவே இல்லை. இரண்டு இடத்திலும் 'இல்லை' என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்படவில்லை. அச்சம் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தது. நான் அந்தப் பெண்ணின் மரணத்துக்கு ஒரு சாவடியையும் இரண்டு துப்பாக்கிக்காரரையும் காரணமாக வைத்தபோது செய்தியைப் பெரிதாக்கிவிட்டதாக நினைத்தேன். உண்மையில் அதைச் சிறிதாக்கிவிட்டேன். சாவடியை அகற்றினால் தீர்ந்துவிடும் ஒன்றாக அதை ஆக்கிவிட்டேன். போதாக்குறைக்கு, மனைவியை இழந்த மனிதரை அவர் சொல்லாத பொய்க்குக் கையெழுத்திட வைத்தேன்.

பெஸியின் கல்லறைக்கு முப்பத்து மூன்று ஆண்டுகளாகப் பெயர்க்கல் இருக்கவில்லை. பிலடெல்பியாவில் அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அருகில் ஷாரன் ஹில் என்ற ஊரின் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அதோடு சரி. 1970 ஒகஸ்டில்தான் கல் நாட்டப்பட்டது. பணம் கொடுத்தவர் இருவர். ஒருவர் பாடகி ஜனிஸ் ஜொப்ளின். மற்றவர் ஜுவானிட்டா கிரீன், சிறுமியாக இருந்தபோது பெஸியின் வீட்டில் வேலை செய்தவர். கல் நாட்டி இரண்டு மாதம் முடிவதற்குள் ஜனிஸும் இறந்துவிட்டார். இவ்வளவு காலமும் பெஸியின் மரணத்தைப் பற்றிய கட்டுக்கதை மட்டும் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. கதையைச் சுமந்த எங்களில் ஒருவருக்கும் கல்லைப் பற்றிய எண்ணம் வரவில்லை.

டைனாவும் நெடுநாள் இருக்கவில்லை. 'பேக் டு த ப்ளூஸ்' வெளிவந்த அதே 1963இல், டிசெம்பர் 14ஆம் திகதி, டெட்ரொயிட்டில் இறந்தார். நித்திரைக் குளிசைகள் அளவுக்கு மீறியிருந்தன, தவறுதலாக நேர்ந்த மரணம் என்று முடிவு செய்தார்கள். வயது முப்பத்தொன்பது. தேவாலயத்தில் தொடங்கிய குரல் பெரும் வாத்தியக்குழுவின் நடுவே ப்ளூஸ் பாடுவதைத் தூய்மைவாதிகள் சிலர் விரும்புவதில்லை. பித்தளைக் கருவிகள் ப்ளூஸின் அந்தரங்கத்தைக் கெடுத்துவிடுகின்றன என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெஸியே கூடாரக் கொட்டகைகளிலும் நாடக அரங்குகளிலும் வாத்தியக்காரர் புடைசூழப் பாடியவர்தான். அந்தரங்கம் ஆரவாரத்தில் கெடுவதில்லை, திருத்தமில்லாத உச்சரிப்பில்தான் கெடுகிறது. அத்தனை வாத்தியங்களுக்கு மேலும் ஒரு சொல்கூடக் குழம்பாமல் தன் துயரத்தைச் சொல்ல ஒருவரால் முடியுமென்றால், ஒரு தொலைபேசி இரைச்சலுக்கு மேல் 'முடியவில்லை' என்ற ஒரு சொல்லை ஒழுங்காகக் கேட்க எனக்கு ஏன் முடியவில்லை?

மாஸ்டர் 2004இல் காலமானார். பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்து வீட்டை ஒழித்தபோது தட்டுகளை ஒரு கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். என் பெயர் எழுதிய கடித உறையோடு ஒரு தட்டு மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. உறைக்குள் 1997இல் நான் எழுதிய பெஸி கட்டுரையின் துணுக்கு. அதில் மரணத்தைப் பற்றிய பந்தியின் அருகே, சிவப்பு மையில், ஆசிரியர்கள் விடைத்தாளில் போடும் கேள்விக்குறி ஒன்று. வேறொன்றும் எழுதவில்லை.

அவர் இறந்தும் இருபது ஆண்டு கடந்துவிட்டது. எனக்கு இப்போது ஐம்பதுகளின் நடுப்பகுதி. காரியாலயத்தில் இளையவர்கள் கைத்தொலைபேசியில் வந்த தகவலை ஐந்து நிமிடத்தில் செய்தியாக்கும்போது, அவர்களைக் கண்டிக்க வாய் எடுத்து, பின்பு மூடிக்கொள்கிறேன். எனக்கு இருபது நிமிடம் இருந்தது.

அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று சில முறை விசாரித்தேன். ஊரில் இல்லை என்றார்கள். கிராமத்துப் பெயரையும் அவருடைய மனைவியின் பெயரையும் இங்கே எழுதாமல் விடுகிறேன். அவருடைய கையொப்பத்தோடு ஒரு தாள் எங்கேயோ இருக்கக்கூடும், இன்னொரு தொல்லை அவருக்கு வேண்டாம். ஆனால் பத்திரிகை வழக்கப்படி நான் கொடுக்கவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. பத்திரிகையில் அதற்கு இனி இடமில்லை. எனக்கென்று இருக்கும் இந்த இடத்தில் அதைப் போடுகிறேன்.

திருத்தம்: 1996ஆம் ஆண்டு, படுவான்கரையில் பிரசவத்தின்போது இளம் தாயொருவர் உயிரிழந்த செய்தியில், அவர் சோதனைச்சாவடியில் தடுத்து வைக்கப்பட்டதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அது பிழை. அந்த இரவு யாரும் அவரை மறிக்கவில்லை. வெளிச்சம் போட்டு அந்தப் பாதையால் போக ஊரில் யாருக்கும் துணிவு இருக்கவில்லை. விடியும்வரை காத்திருந்தார்கள். அதிகாலை நான்கு மணிக்கு அவர் இறந்தார். அவருடைய கணவர் எவரிடமும் பொய் சொல்லவில்லை. பெயரும் வயதும் சரியானவை.